வரிசை எண் அறுபத்தொன்று

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
வால்வு செய்கிற கம்பெனி.
சம்பளக் கணக்கு என் மேசையில்.
எண்பத்துநான்கு பேர்.
யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு,
யார் சங்கிலி எந்த வங்கியில் கிடக்கிறது,
எல்லாமே எனக்கு
லீவு, அட்வான்ஸ், பிடித்தம் என்றுதான் தெரியும்.

மார்ச்சில் ஹெச்.ஆர் ஒரு படிவம் அனுப்பியது.
உங்கள் உழைப்பைத் தூண்டுவது எது?
ஐந்துக்கு மதிப்பெண் இடுக.
பெயர் தேவையில்லை.
பாராட்டு, பணிச்சூழல், தலைமை, பயிற்சி...
சம்பளம் ஏழாவதாக,
'இதர' என்பதற்கு ஒரு படி மேலே
பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனைப் போல.

விசுவாசம் என்றால் எங்கள் கம்பெனியில்
சுவர்க் கடிகாரம்.
பத்து வருடம் முடித்தவர்களுக்கு. பேட்டரி தனி.
சிஎன்சி மெஷினில் நிற்கும் போஜராஜ் தேவாடிகாவுக்கு
ஜனவரியில் கொடுத்தார்கள்.
கைதட்டல் முடிவதற்குள் பில் என்னிடம் வந்துவிட்டது.
கடிகாரம் இரண்டு, அறுநூற்று எண்பது.
ஊழியர் நலச் செலவு என்று எழுதினேன்.

அதே வாரம் முதலாளி மகனுக்குக் கார்.
இயந்திரங்கள் என்ற தலைப்பில் போடச் சொன்னார்கள்.
"ஓடுதுல்ல மேடம், இயந்திரம்தான்"
என்றான் ஆடிட்டர் ஆபீஸ் பையன்.
சிரித்தேன்.
போட்டேன்.

ஆகஸ்டிலிருந்து பி.எஃப் கட்டவில்லை.
பிடிக்கிறோம்.
நூற்றுக்குப் பன்னிரண்டு, பைசா பிசகாமல் பிடிக்கிறோம்.
சம்பளச் சீட்டில் இருக்கிறது.
லெட்ஜரில் 'செலுத்த வேண்டியது' என்று இருக்கிறது.
வங்கியில்தான் இல்லை.
வேண்டியது வேண்டியது என்று
ஏழு மாதமாக வேண்டிக்கொண்டிருக்கிறது
அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை தேவாடிகா வந்தார்.
கை எண்ணெய் படாமல்
போனைக் கந்தல் துணியில் பிடித்திருந்தார்.
"ஸ்வல்ப நோடி மேடம்.
ஜூலைக்கு மேல ஒண்ணும் காட்டல.
மகளுக்கு நர்சிங் சீட்டு, கொஞ்சம் எடுக்கலாம்னு."
சர்வர் பிரச்சினை என்றேன்.
எவ்வளவு வசதியான சொல்!
அதற்கு முகம் கிடையாது,
யார் வீட்டிலும் அது சாப்பிடுவதில்லை.
தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் சம்பளம் பதினான்காம் தேதி.
அக்கவுண்ட்ஸில் எங்கள் மூவருக்கு மட்டும் ஒன்றாம் தேதி.
நடுவே உள்ள பதிமூன்று நாள்தான்
என் வாய்க்கு அவர்கள் கட்டும் வாடகை.
ஸ்ரீராம்புரத்தில் ஐந்தாம் தேதி காலையிலேயே
கதவைத் தட்டும் வீட்டுக்காரரையும்
இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

வருடக் கடைசிப் பட்டியலைச் சரிபார்த்தேன்,
அளவுகோலை ஒவ்வொரு வரியாக இறக்கி.
அறுபது: போஜராஜ் தேவாடிகா.
அறுபத்தொன்று: ஜெயசீலி.
நான்.
ஒரே வாரத்தில் சேர்ந்திருக்கிறோம்.
இரண்டாவது கடிகாரம் என் வீட்டு பீரோவின் மேல்
பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில்
அவரைக் கூப்பிட்டு
மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
தமிழ் சரியாக வராது, இங்கிலீஷ் வராது;
எண்களை யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை,
மைக்ரான் பார்க்கிற கண்.
மேலிருந்து கீழே பார்த்தார்.
கத்துவார் என்று கதவைச் சாத்தியிருந்தேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"உங்களுக்கும் கட்டலையா?"

பிறகு போய்விட்டார். ஷிப்டு முடிய
இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.
மாலையில் குவாலிட்டி அறிக்கை வந்தது.
அவர் மெஷினில் இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
கழிவு இல்லை.
இது எதற்குள் அடங்கும் என்று
பாராட்டு, பணிச்சூழல், தலைமை என
விரல் வைத்துத் தேடினேன்.

பிறகு 'இதர' என்ற கட்டத்தில்
ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை,
எண்பத்துநான்கு பேர்,
என்று எழுதினேன்.
பெயர் தேவையில்லைதான்.
கீழே என் பெயரைப் போட்டேன்,
இனிஷியலோடு.