இணைமதிப்பு அட்டவணை

தக்கலைக்கு மேற்கே, ரப்பர் பால் மணக்கும் வளைவில்
எங்கள் வடிவமைப்புக் கல்லூரி.
இரண்டாம் மாடி, கழிவறைக்கு அடுத்த அறை:
அயல்நாட்டு உறவுகள் பிரிவு.
பிரிவு என்றால் நான், ஒரு பிரிண்டர்,
லித்துவேனிய நேரம் காட்டும் ஒரு கடிகாரம்.
அது நின்று ஒரு மாதமாகிறது.
அங்கே எப்போதும் காலை ஏழே முக்கால்.

ஒப்பந்தம் நாலு பக்கம்.
இருவர் வருவார், இருவர் போவார்.
அவர்களுடைய முப்பது கிரெடிட்
நம்முடைய இருபது.
மூன்றில் இரண்டு:
இந்த ஒரு கணக்கில்தான் என் சம்பளம் ஓடுகிறது.

வந்தது ஒருத்திதான். அவுஸ்தேயா.
விடுதிப் பதிவேட்டில் அந்தப் பெயரை
நாலு விதமாய் எழுதி நாலையும் அடித்தேன்.
குளச்சலில் மீன் விற்கும் வியாகுலம்
ஒரே தடவையில் முடித்துவிட்டாள்:
"எனக்க ஆஸ்தி வந்தாச்சு."

போக வேண்டியவர் இருவரில்
மெர்ஜின் போனான்.
ஃபஸ்லினாவின் பாஸ்போர்ட் கூரியரில் திரும்பியது.
வங்கி இருப்பு போதவில்லையாம்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன், எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.
வேளிமலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
அவளை அழைக்க ஒரு மணி நேரம் பிந்தினேன்.
அந்த ஒரு மணி நேரம்
அவள் லித்துவேனியாவுக்குப் போகிறவளாகவே இருக்கட்டும்.

மெர்ஜினின் மதிப்பெண் பட்டியல் வந்தது.
'அறையும் மௌனமும், ஆறு கிரெடிட்.'
வெற்று அறையில் ஒரு வாரம் உட்கார வைத்தார்களாம்.
என்னடா படித்தாய் என்று கேட்டால்
"ஹீட்டர் சத்தம், அக்கா" என்கிறான்.
மௌனத்தில் மூன்றில் இரண்டு பங்கை
நம் பல்கலைக்கழகம் ஏற்கும்.
நாலு என்று போட்டேன்.

இங்கே அந்த இருவரும்
விடிகாலைப் பேருந்தில் அளவு நாடாவோடு.
குளச்சலிலிருந்து திங்கள்சந்தை போகிற வண்டி.
முதல் படி தரையிலிருந்து நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
வியாகுலத்தின் தலையில் சருவம், பதினெட்டு கிலோ சாளை.
மடக்குப் படி ஒன்று செய்தார்கள்,
அதை விரிக்கும் வரை கண்டக்டர் பொறுக்கவில்லை.
ஒழுகாத, மணம் கசியாத மூடி ஒன்று செய்தார்கள்.
அதையும் தட்டிப் பார்த்துவிட்டு வியாகுலம் சொன்னாள்:
"நாத்தம் சருவத்துல இல்ல பிள்ளே,
அவியளுக்க மூக்குல ஆக்கும்."

ஃபஸ்லினா மொழிபெயர்த்தாள்.
அவுஸ்தேயா கொஞ்ச நேரம் எதுவும் வரையவில்லை.

இறுதி மதிப்பீட்டு நாளில்
வரைபடங்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு
சுவரில் அந்த வாக்கியத்தை மட்டும் ஒட்டினார்கள், தமிழிலேயே.
கீழே, நாற்பத்தொரு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு சிவப்புக் கோடு.
யாரும் கைதட்டவில்லை.
திருவனந்தபுரத்திலிருந்து வந்த தேர்வாளர்
இறுக்கமான கால்சட்டையோடு
ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு வைத்துப் பார்த்தார்,
பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மூடியை வியாகுலம் வாங்கிக்கொண்டாள்.
மழைக்குச் சருவத்தின் மேல் அல்ல,
தன் தலைமேல் கவிழ்க்க.

எங்கும் போகாதவளுக்குப்
பரிமாற்றக் கிரெடிட் கிடையாது.
விதி ஏழு. தட்டச்சு செய்தது நான்தான்.

எல்லோரும் போன பிறகு, சாயா ஆறிப்போன பிறகு,
அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்:
'பேருந்துப் படி: மூன்று கிரெடிட்.'
இரண்டு பெயர்களுக்கும்.
மூன்றில் இரண்டு எடுக்கவில்லை.
மறுநாள் டீனுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம்,
வாசலில் கார், கையில் மொய்க் கவர்.
கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் மிச்சம் ஒரு கட்டம்: பயணத் தூரம்.
ஃபஸ்லினா பெயருக்கு நேரே
நாற்பத்தொரு செ.மீ. என்று எழுதி அனுப்பினேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து
இதுவரை இல்லாத வேகத்தில் பதில்:
கிலோமீட்டரில் தரவும்.