ஆறாம் நம்பர் தறியில் ஒரு குப்பி

எலுமிச்சை என்றால் மூன்று நாளில் ஊறிவிடும்.
கஸ்டர்டுக்கு இருபத்தொரு நாள்.
என்னிடம் இருந்ததோ ஐந்தே நாள்.
வைகாசி பிறந்தால் பீடியைத் தொடுவதில்லை என்று
மஞ்சுளாவிடம் வாய்தா வாங்கியிருந்தேன்.
அன்றைக்குச் சித்திரை இருபத்தாறு.

கருவியை மச்சான் ஷார்ஜாவிலிருந்து
காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தான்.
இங்கே விற்றால் கேஸ்.
ஆகவே கலவை என் கைப்பாகம்:
பாகுபோல் இழுக்கிற கிளிசரின்,
ஊசி போட்ட சிரிஞ்சில் அளந்த எஸன்ஸ்.
கலக்கி முகர்ந்தால் பெயிண்ட் கடை.

முதலில் ரைஸ் குக்கர்.
வெதுவெதுப்பில் குப்பியை இறக்கிவிட்டு
ஷிப்டுக்குப் போனேன்.
மூடி கசிந்திருக்கிறது.
மறுநாள் சோற்றில் பிறந்தநாள் கேக் வாசம்.
மஞ்சுளா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கொட்டிக் கவிழ்த்த குக்கர்
என் தலையணைமேல் உட்கார்ந்திருந்தது.

புதுசாய்க் கலந்து
மொட்டை மாடியில் வைத்தேன், கத்திரி வெயிலில்.
காக்கா ஒன்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
"வெயில் பட்டா செத்துரும்டா" என்றான்
ஏழாம் தறி சிக்கந்தர்.
"இருட்டு வேணும். சூடு வேணும். ஆட்டம் வேணும்."

இருட்டு, சூடு, ஆட்டம்.
செல்லூரில் இவை மூன்றும் உள்ள இடத்துக்கு
வழி கேட்க வேண்டியதில்லை.
தினம் பன்னிரண்டு மணி நேரம் அங்கேதான் நிற்கிறேன்.

கறுப்பு டேப்பைச் சுற்றி
துண்டின் ஓரக் கிழிசலால்
தறிச் சட்டத்தில் கட்டினேன்.
நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து அடி.
அந்த வாரம் முதலாளி புல்லியை மாற்றி
நூற்று முப்பது ஆக்கியிருந்தார்.
ஈரோட்டுக்காரனுக்கு அவசரமாம்.
எனக்கும்தான்.
நாடா போகும், வரும்,
குப்பிக்குள் குமிழிகள் ஏறும், இறங்கும்.
ஊடை அறுந்து நான் முடிபோடும் நேரம் மட்டும்
அதற்கு ஓய்வு.

மூன்று ராத்திரி.
தண்ணியாய் இருந்தது வரட்டீ நிறமானது.
நிறம் வந்தது, குணம் வரவில்லை.
பொறுக்காமல் கொஞ்சம் ஊற்றி இழுத்தேன்.
தொண்டையில் பினாயில்.
கருவிக்குள் ஏதோ கருகியது.
மிச்சத்தை மறுபடி சட்டத்தில் கட்டினேன்.

வைகாசி ஒன்று.
நூல் கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறிற்று.
முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது
எல்லாரும் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள்.
நான் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தேன்.
என்னத்தைத் தேடுறே என்றார்.
சோத்து டப்பா என்றேன். கையிலேயே இருந்தது.

தறி நின்ற தெருவில்
எந்த வீட்டு டிவி என்று முதல்முறையாகப் பிரிந்து கேட்டது.
நாங்கள் எல்லாரும் கத்திப் பேசுகிறவர்கள் என்பதை
பஸ்ஸில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சொன்னார்கள்.
மாட்டுத்தாவணியில் தக்காளி இறக்கினேன்.
பீடி கடனில் நாளைக்கு ரெண்டு கட்டு.
வாய்தா என்னாச்சு என்று மஞ்சுளா கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இருபத்து நாலாம் நாள் ஷட்டர் ஏறியது.
கட்டின இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது,
உடம்பெல்லாம் பஞ்சுத் தூசியாய்,
முயல்குட்டி மாதிரி.
மூடியைத் திருகினேன்.
சிக்கந்தர் மூக்கை நீட்டினான்,
கண்ணை மூடிக்கொண்டான்.
"பால்பன்னுடா. ராத்திரி ஒன்பது மணிக்கு
பேக்கரியில ரெண்டாம் ஈடு எடுப்பான்ல, அது.
எப்படிடா செஞ்ச?"

சொல்ல வாயெடுத்தேன்.
யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள்.
அறுபது தறியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன.

கருகினது சுருளாம்.
புதுச் சுருள் வந்துசேர
இருபது நாளாகும் என்கிறான் ஷார்ஜா மச்சான்.
அதுவரை ஷிப்டு முடிந்ததும்
மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்துவிட்டு
மூடிவைக்கிறேன்.

நேற்று நாலு பீடி.
இன்று ஏழு.