ஏழு நாள் கூரை

மணல் ஆலைக் கணக்கர் எலியாகு
கொச்சியிலிருந்து மணவாளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்த வருஷம்
எங்கள் தோப்பில் பதினெட்டு ஓலை கேட்டார்.
முடைய வேண்டாம், பச்சையாகப் போதும்,
படுத்தால் நட்சத்திரம் தெரியணும்.
ஐப்பசியில் ஓட்டைக் கூரையா!
தென்னை உச்சியில் தாசய்யன் சிரித்ததில்
ஒரு கருக்கு அவர் கால் பக்கம் விழுந்தது.

"பெருநாள் ஏழும் மழை வராது.
எங்க ஆட்கள் சொல்றது."
"கோட்டாற்றுத் தேரன்று தூறாமல் இருந்ததில்லை.
எங்க ஆட்கள் சொல்றது."
இருவருக்கும் ஒரே வானம்.

முதல் நாள் வெயில்.
மறுநாள் கொண்டல் ஏறிவந்தும்
முட்டம் பாறையைத் தாண்டவில்லை கறுப்பு.
மூன்றாம் நாள் வள்ளக்காரர்கள்
அவர் கொட்டிலை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான்
கடலில் இறங்கினார்கள்.

ஐந்தாம் இரவு கொட்டித் தீர்த்தது.
தட்டில் மீன்குழம்பு வெளுக்க வெளுக்க
உட்கார்ந்தே இருந்தார்.
"எட்டாம் நாள்தான் நாங்கள் மழை கேட்போம்.
யாரோ முந்திவிட்டார்கள்."

நான்தான்.
கும்பப்பூ நாற்று மூன்று வயலில் கருகிக் கிடந்தது.
சொல்லவில்லை.
கொண்டுபோன குடையை
அவர் தட்டுக்கு மேல் பிடித்தேன்.