ஐந்தாவது கோப்பை

மேசையில் ஐந்து கோப்பைகள்.
ஒரே மூட்டை, ஒரே வறுவல், ஒரே கொதிநீர்.
நான்கில் ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு,
கடைசியில் ஏதோ ஒரு பூ. பெயர் பிடிபடவில்லை,
பூ என்று மட்டும் எழுதினேன்.
ஐந்தாவதை அள்ளி உறிஞ்சினேன்.
பச்சை உருளைக்கிழங்கு.

கயன்சாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்:
நகத்தளவு பூச்சி,
கறுப்பும் ஆரஞ்சுமாய் முதுகில் கேடயம்,
பழுக்கிற பழத்தில் ஓர் ஊசி குத்திவிட்டுப் போகிறது.
தோலில் தழும்புகூட இராது.
கொட்டை மறப்பதில்லை.

துப்பினேன். குறித்தேன்.
ஏழாம் எண் மேசைக்கு நடந்தேன்,
காபி வந்த வழியில், எதிர்த்திசையில்.

முதலில் வறுக்கும் உருளை, இன்னும் சூடு தணியாமல்.
நூறு கிராம்தான் கொள்ளும்.
காலையில் அதனருகே காதைக் கொடுத்து நின்றிருந்தேன்.
வைக்கோல் வாசம், பிறகு ரொட்டி வாசம்,
பிறகு அந்த முதல் வெடிப்பு,
தகரக் கூரையில் மழையின் முதல் நாலு துளி.
அதன்பின் எண்பது விநாடி.
தொண்ணூறில் பூ போய்விடும், நூற்றிருபதில் கரி.
எண்பதில் கொட்டினேன். சரியாகத்தான் கொட்டினேன்.
கிழங்கு அப்போது மூச்சே காட்டவில்லை.

காயும் பரண்கள் உச்சி வெயிலுக்குப் பயந்து
பிளாஸ்டிக் போர்வைக்குள் கிடந்தன.
இருபது நாள் படுக்கை, மணிக்கொரு புரட்டல்.
ஈரம் இறங்கிவிட்டதா என்று
சில்வேர் கடித்துப் பார்ப்பான்;
போன வருஷம் ஒரு பல் அதற்கே போயிற்று.

அப்புறம் கால்வாய். மரத்துடுப்பு தள்ளத் தள்ளக்
கனத்தது அடியில் தங்கும், சொத்தை மிதந்து ஓடும்.
அப்புறம் தொட்டி. நேற்றிரவு பதினாறு பேர்
தோளைத் தோள் பிடித்து
வழுவழுப்புப் போகும்வரை மிதித்தார்கள்.
அப்புறம் தராசு. பழக்கூடைகள் வர நாலு மணியாகும்;
இப்போது ஓர் ஆடு மட்டும்
எடை பார்க்க நிற்பதுபோல் நின்றது.

லிபெராத் தலை நிமிரவில்லை.
விரல்கள் கோழி கொத்துகிற வேகம்:
உடைந்தது இடப்பக்கம், கறுத்தது வலப்பக்கம்,
துளை விழுந்தது மடியிலிருந்த டப்பாவில், டங்.
"உன் மூட்டை" என்றேன்.
"கிழங்கா?"
"கிழங்கு."
இரண்டு கையாலும் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"எதுன்னு காட்டு."

நீலம் ஓடிய பச்சை. ஒன்றிலும் கீறல் இல்லை.
மோந்தேன், காய்ந்த புல்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
டப்பாவில் டங் என்ற சத்தம் நின்றுபோயிருந்தது;
பக்கத்து மேசைகளும் காத்திருந்தன.
என்னால் காட்ட முடியவில்லை.
"சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றாள்,
கையிலிருந்ததை முந்தானையில் முடிந்தபடி.

மூன்று கல் அடுப்பு, அடி கறுத்த சட்டி.
உடைந்த கரண்டிக்காம்பால் கிளறினாள்.
வெடித்தது. நான் மனசுக்குள் எண்ணினேன்:
எழுபது, எண்பது.
அவள் வாசலில் பிள்ளைகளை அதட்டப் போனாள்.
நூறு. நூற்று நாற்பது.
என் கை இரண்டு தரம் சட்டிக்குப் போய்த் திரும்பியது.
அடுத்தவள் அடுப்பு.

இடித்தாள், கொதிக்கவிட்டாள், வடித்தாள்.
அன்றைக்கு முதல் தடவையாக
துப்பாமல் விழுங்கினேன்.
அவளும் ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள்.
"பூன்னு எழுதியிருந்தியாமே, எங்கே?"
"எண்பதிலேயே போயிடுச்சு."
"சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சரி, கிழங்கு இருக்கா இதில்?"

பக்கத்து அடுப்பில் மூடி தடதடத்தது.
ராத்திரிச் சாப்பாடு. ஏழு பேருக்குக் கிழங்கு.
கூரை, சுவர், அவள் முந்தானை, என் மூக்கு
எல்லாவற்றிலும் அந்த ஆவி.
பன்னிரண்டு வருஷமாய் இந்த மூக்குக்குத்தான் சம்பளம்.
"தெரியலை" என்றேன்.

அவள் சிரித்ததில்
கையிலிருந்த தட்டு குலுங்கியது.
எனக்கு இரண்டு கிழங்கு வைத்தாள்.

அறிக்கையில் எழுதியதை நான் அடிக்கவில்லை.
ஐந்தில் ஒன்று, கிழங்கு.
மூட்டை உள்ளூர்ச் சந்தைக்குப் போகும், பாதி விலைக்கு.
அவளுக்கும் அது தெரியும்.
"உப்பு வேணுமா?" என்று கேட்டாள்.
வேணும் என்றேன்.