கடைசி ஃபாரம்

மண்டபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்
வாசகர் எழுத்தாளர் சந்திப்பு.
போன முகூர்த்தத்தின் தெர்மகோல் எழுத்து
மேடைச் சுவரில் பாதி உதிர்ந்து மிச்சமிருந்தது:
‘...நாதன் வெட்ஸ் ச...’
அதற்குக் கீழே என்னை உட்காரவைத்தார்கள்.
நூற்றுப் பதினேழு ஜோடிகளைச் சேர்த்துவைத்தவள் நான்.
இடம் பொருத்தம்தான்.

கழுத்தில் மாட்டிய அட்டையில்
என் பெயருக்கு ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
தாரணி, தரணி ஆகியிருந்தேன்.
பரவாயில்லை, இரண்டுமே நானில்லை.
சம்பளப் பட்டியலில் இருப்பவள் வேறொருத்தி:
பரமக்குடி மின்வாரியம், வசூல் கவுண்டர் இரண்டு,
ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவள்.

வெளியே கச்சான் காற்று.
காலையிலேயே ஃபிளெக்ஸைப் பிய்த்து
என் முகத்தைக் கொண்டுபோய்
சீமைக் கருவேல முள்ளில் மாட்டியிருந்தது.

கீழக்கரையிலிருந்து வந்திருந்த ருக்கையா டீச்சர்
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“உங்க ஹீரோ எவனுக்கும் ஏம்மா அம்மா இல்ல?”
“இருந்தா நாப்பதாம் பக்கத்துலயே
கதை முடிஞ்சிரும் டீச்சர்.”
கைதட்டல்.
தொண்டிப் பையன் ஒருவன் எழுந்தான்.
டீ குடிக்கிறவன் காதலிக்க மாட்டானா,
எல்லோர் கையிலும் ஏன் காப்பி என்றான்.
அதற்குப் பதில் இல்லை.
எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்து
என்னைக் காப்பாற்றியது.

கையெழுத்து வரிசையில் கடைசியாக ஒருத்தி.
சின்னப்பாலம் என்றாள். பாசி எடுக்கிறவள்.
துணி சுற்றிச் சுற்றி விரல் நுனிகள்
ஊறி வெளுத்திருந்தன.
“மாசத்துல பன்னெண்டு நாள் கடல்,
மிச்ச நாள் உங்க பொஸ்தகம்.”
நீட்டினாள். உப்பேறி ஊதிப்போன
என் நாற்பத்தொன்றாவது.
“வத்தையில வச்சுப் படிச்சேன்.
கடைசி ஃபாரம் தண்ணியில போயிருச்சு.
பதினாறு பக்கம்.
ஒம்பது வருசமாச்சு, அவன் வந்தானா?”

அட்டையைப் பார்த்தேன்.
அவன் பெயரே நினைவில்லை.
மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் பதிப்பாளர் கெடுவும்
ஒரே வாரத்தில் வந்தபோது
இரண்டு ராத்திரியில் எழுதியது.
வந்திருப்பான். எல்லோரும் வருகிறார்கள்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மழையில்,
குடையில்லாமல்.
ஆனாலும் வாய் வரவில்லை.

அதற்குள் அவளே தொடர்ந்தாள்:
“வத்தையில எட்டுப் பேரு.
போகும்போது நான் கதை சொல்லுவேன்,
வரும்போது ஆளுக்கொரு முடிவு.
ஒரு நாள் அவன் வர்றான்.
ஒரு நாள் வந்தும் இவ கதவத் தொறக்கல.
சேதுக்கனி அக்கா மட்டும்
ஒவ்வொரு தடவையும் அவனக் கொன்னுரும்,
அதுக்கு அதோட வீட்டுக்காரன் மேல கோவம்.
ஒருத்தி சொன்னா,
அந்தப் பிள்ள நீச்சல் படிச்சுக்கிட்டாளாம்.
நீங்க வச்சது எது?”

“மறந்துபோச்சு.”
அன்று நான் மைக் இல்லாமல் சொன்னது
அது ஒன்றுதான்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
“அப்பச் சரி” என்றாள்,
தலைச்சுமையை இறக்கி வைத்தவள் போல.

பெயர் கேட்டேன். நம்புசெல்வி.
‘நம்பு’ வரைக்கும் எழுதியதும்
பேனா காய்ந்தது. உதறினேன்.
மேசைத்துணியில் கிறுக்கிப் பார்த்தேன்.
“விடுங்க, வீட்ல அப்பிடித்தான் கூப்புடுவாக”
என்று புத்தகத்தை வாங்கி
பிளாஸ்டிக் பைக்குள் வைத்து
இரண்டு முடிச்சுப் போட்டாள்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
இருபதாம் தேதிக்குள் அடுத்த நாவல் தரவேண்டும்.
உச்சிப்புளி தாண்டித்தான் உறைத்தது,
கேட்காமல் வந்துவிட்டேன்:
நீச்சல் படித்தவள்
எந்தப் பக்கமாக நீந்தினாள்?
அவனிருந்த கரைக்கா,
வேறெங்குமா?

“தரணிக்கா, ரெண்டு ரூவா சில்லறை இருக்கா?”
நடத்துநர் என் கழுத்தைப் பார்த்துக் கேட்டார்.
அட்டையைக் கழற்றாமலே
பையைத் துழாவினேன்.