கொலையாளிக்கு மரியாதை

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து,
இரண்டே வரி.
அதற்குள் இங்கிலாந்தின் மழை, குடை, சந்தேகம்
எல்லாவற்றையும் தமிழில் மடித்து வைக்க வேண்டும்.
சாக்கிநாக்காவில் மூன்றாம் மாடி.
ஜன்னலை ஒட்டி மெட்ரோ போகும்போதெல்லாம்
திரையில் பிணம் ஒருமுறை நடுங்கும்.

இருபத்திரண்டு சீசனுக்கும் சப்டைட்டில் நான்தான்.
என் ஆறு வருஷத்தில்
இன்ஸ்பெக்டர் ஹார்ஸ்லிக்கு இருபத்திரண்டு வயது கூடிவிட்டது.
முதலில் இரண்டிரண்டு படியாகத் தாவுவார்.
இப்போது நடுப்படியில்
சாட்சி சொன்னதை யோசிப்பவர் போல நிற்கிறார்.
எனக்குத் தெரியும், முழங்கால்.

அந்தக் குட்டி ஊரில் இதுவரை நூற்று முப்பத்தொரு பேர் காலி.
வீட்டு விலை இறங்கவில்லை.
பூசணிப் போட்டி ஒரு வருஷமும் நின்றதில்லை.
நாயோடு காலாற நடக்கப் போகிறவர்கள்
புதரில் ஒரு கையைப் பார்த்துவிட்டு வந்து
தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.
"யார்தான் பார்க்கிறாங்க இதை?" என்றாள் ஃபர்ஹீன்.
தூக்கம் வராதவர்கள் என்றேன்.

அவர்கள் தேநீரில் பால் உண்டு,
பேச்சில் பால் இல்லை.
கொன்றது ஆணா பெண்ணா என்று சொல்லாமலே
ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம்.
தமிழ் வினைச்சொல் வாலில் காட்டிக்கொடுத்துவிடும்.
குத்தினான் என்றால் மனைவி தப்பித்தாள்,
குத்தினாள் என்றால் பாதிரியார் தப்பித்தார்.
ஆகவே,
குத்தியவர் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்.
கையுறை அணிந்திருந்தார்.
விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
சம்பந்தி வீட்டார் வந்துபோன மாதிரி.
கடைசிப் பத்து நிமிடத்தில், விலங்கு பூட்டிய பிறகுதான்
'ர்' உதிர்ந்து 'ன்' முளைக்கும்.

சார்ஜென்ட் ப்ரிட்ச்சர்டைப் பதின்மூன்று சீசன்
'நீங்கள்' என்றே கூப்பிட வைத்தேன் ஹார்ஸ்லியை.
ப்ரிட்ச்சர்டின் மனைவியைப் புதைத்த அன்று, காருக்குள்,
"சாப்பிட்டாயா?"
மூலத்தில் அதே பழைய 'யூ'தான்.
இவர்கள் இருவருக்கும்கூட அது தெரியாது.

ஜூலையில் எங்கள் திலக் நகர் கட்டடத்தின்
தண்ணீர்த் தொட்டியில் கிடந்தார் வாட்ச்மேன்.
ராம்சூரத். ஜௌன்பூர் பக்கம்.
ரெயின்கோட்டைக் கழற்றாமலே ஒரு ஹவல்தார் வந்தார்.
செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்கினார்.
கால் வழுக்கி, என்று எழுதினார்.
நடுவில் ஒரு டீ சேர்த்து இருபது நிமிடம்.

நான் கதவை ஒருக்களித்து வைத்துக் காத்திருந்தேன்.
செவ்வாய் இரவு எங்கே இருந்தீர்கள்?
வீட்டில்தான் சார். எண்பத்து மூன்றாம் எபிசோட்.
ஒன்று இருபதுக்கு மாடியில் இரும்பு மூடி இழுபட்டது.
அப்புறம் காலடி.
அவர் போடுவது ரப்பர் செருப்பு,
கேட்டது ஷூ.

லிஃப்ட் கீழே போகும் சத்தம்தான் வந்தது.
நானாகப் போயிருக்கலாம்.
ஸ்டேஷன் ஏழு நிமிட நடை.

ஹார்ஸ்லி என்றால் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு
உள்ளே வந்து, உட்காராமல், கேட்டிருப்பார்:
"அவர் எப்படிப்பட்டவர்?"
எண்பத்தெட்டு எபிசோடிலும் வரும் கேள்வி.
கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வேன்.
பதில்தான்...
என் பார்சல்களை நனையாமல்
நாற்காலிக்கு அடியில் வைத்திருப்பார்.
டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியும் அவருக்கு.
வேறென்ன தெரியும் எனக்கு,
மனைவி பெயர்கூட.

"வாட்ச்மேன் செத்துட்டானே, புது ஆள் எப்ப வர்றான்?"
லிஃப்டில் ஐந்தாம் மாடிக்காரர். திருநெல்வேலி.
நான் அவர் காலைப் பார்த்தேன்.
எல்லார் காலையும்தான் பார்க்கிறேன் இப்போதெல்லாம்.

இரவு, இருபத்திரண்டாம் சீசன், கடைசி எபிசோட்.
ஹார்ஸ்லி கோட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்குகிறார்.
திரையை நிறுத்திவிட்டு
யாரும் கேட்காத இரண்டு வரி அடித்தேன்.
எழுத்துக் கணக்கும் சரியாக இருந்தது.

தள்ளியவர் ஷூ அணிந்திருந்தார்.
மூடியை மறுபடி மூடிவிட்டுப் போயிருக்கிறார்.