ஒன்பதாவது கால்

முதல் தடவை அது அணைந்தபோது
திரையில் இருந்தவர் காசிமேட்டு ஏலக்காரர் துரைக்கண்ணு.
சட்டையை வெள்ளையாக்கி
பின்னால் மேகமும் வைத்தாகிவிட்டது.
'இயற்கை எய்தினார்' என்பதில்
'எய்தி' வரை வந்திருந்தேன்.
சட்டென்று கறுப்பு.
பிறகு தானே எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல
பாஸ்வேர்டு கேட்டது.

விடிவதற்குள் பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ்.
மேகத்தை இன்னொரு முறை வைத்தேன்.

பெட்டி நான் பூட்டியது.
ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடை, பிராசசர் ஒரு கடை.
பவர் சப்ளை மட்டும் பழசு,
"கண்ண மூடிட்டு ஓட்டுண்ணா" என்று
ஒரு பையன் தள்ளிவிட்டது.
ஆகவே முதல் சந்தேகம் அவன்மேல்.

மல்டிமீட்டர் முனையை வைத்தேன்.
பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்
பதினொன்று புள்ளி ஒன்பது இரண்டு.
பையன் நல்லவன்.

ராமைப் பிடுங்கி
அதன் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்தேன்.
ஒன்றை வைத்து ஒரு ராத்திரி, மற்றதை வைத்து ஒரு ராத்திரி.
விசிறி இறக்கையில் கறுப்பு மாவு,
எண்ணூர்ச் சாம்பலோ லாரிப் புகையோ,
துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவினேன்.
சூடு அறுபதைத் தாண்டவில்லை.
அணைவது நிற்கவில்லை.

லாகைத் திறந்தால் எப்போதும் ஒரே எண்: 41.
முறையாக மூடாமல் போய்விட்டது என்று சொல்லும்,
எதனால் என்று சொல்லாது.
நான் அடிக்கும் கண்ணீர் அஞ்சலியும் அப்படித்தான்,
பிறப்பு, இறப்பு, ஊர்வலம் கிளம்பும் நேரம்,
மாமன் மச்சான் பதினேழு பேர்.
காரணத்துக்கு யாரும் இடம் விடச் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது பக்கத்துப் போர்ஷன் கிரைண்டர்.
ஒரே மீட்டர், ஒரே நியூட்ரல்.
"எஸ்தரக்கா, உன் மோட்டார் இழுக்கறப்பல்லாம்
என் சிஸ்டம் செத்துப்போவுது."
மாவுக்கையை நைட்டியில் துடைத்தாள்.
"அப்டியா. நிறுத்திப் பாக்கலாம், இன்னா இப்போ?
நீயும் தொழில் பண்றவன்தான."

மூன்று நாள் கல் சுற்றவில்லை.
தூக்குவாளியோடு வந்தவர்கள்
வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு
அடுத்த தெருவுக்குப் போனார்கள்.
மூன்று நாளும் அணைந்தது.
வியாழக்கிழமை ஐந்து தடவை.

நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தேன்.
10.52. 11.40. 1.15. 3.05.
எந்தக் கணக்குக்கும் வராத எண்கள்.
நான்காம் ராத்திரி டீயைக் குடிக்க மறந்து
கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
ஆடையில் மெல்லிய வட்டம் ஒன்று கிளம்பியது,
நடுவிலிருந்து விளிம்புக்கு.
விளிம்பைத் தொட்டதும் திரை கறுப்பு.

கொருக்குப்பேட்டை யார்டுக்கு
டேங்கர் வேகன்கள் போய்க்கொண்டிருந்தன.
பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு
எனக்குக் கேட்காமல் போன சத்தம்.
நான்கு நாளாக
அதன் நேரத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

போர்டைக் கழற்றினேன்.
போர்டில் எட்டு ஓட்டை.
தகட்டில் ஒன்பது பித்தளைக் கால்.
ஒன்பதாவது, தாங்க ஓட்டையில்லாமல்
போர்டின் முதுகுக்குக் கீழே சும்மா நின்றது.
மேலே ஒரு ஈயப் புள்ளி,
பென்சிலால் குத்தியதுபோல் கறுத்திருந்தது.
வேகன் போனால் தொடும். தொட்டால் போகும்.

வேறு யாரும் திருகவில்லை.
உறையில் ஒன்று மீந்ததே,
வீணாவானேன் என்று நான்தான்.

காலையில் அக்கா கேட்டாள்,
"இன்னாடா, கண்டுபுட்சியா?"
"வோல்டேஜ்க்கா" என்றேன்.
அந்தக் கால் என் சட்டைப் பையில்
மொச்சைக் கொட்டையைவிடச் சின்னதாக இருந்தது.
அவள் உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள்.
கல் சுற்றியது. என் திரை அசையவில்லை.
அதை அவளும் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் உளுந்தை அள்ளிப் போட்டாள்.

இப்போது ரயில் போகிறது,
திரையில் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா,
எல்லாம் நிற்கிறது.
கை மட்டும் சொல்லாமலே
கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் எஸ்.